பதினாறு புள்ளி எட்டு

கடைசி மாத்திரைக்கும் ஊசிக்கும் நடுவே
பன்னிரண்டு மணி நேரம் இருக்க வேண்டும்.
ராத்திரி எட்டரைக்குப் போட்டேன்.
காலையில் நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தான்.
கூட்ஸ் வண்டி முழுக்க நெல்,
நான் பட்டியல் போட்ட நெல்லாகக்கூட இருக்கலாம்.
பெட்டிகளை எண்ணிக்கொண்டே மணி பார்த்தேன்.
மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்பது.
பரவாயில்லை என்றாள் ரத்தம் எடுக்கும் பெண்,
நரம்பைத் தட்டிக்கொண்டே.

என் வேலையும் இதுதான்.
கொள்முதல் நிலையத்தில்
ஒரு பிடி நெல்லை மீட்டருக்குள் கொட்டி
எத்தனை ஈரம் என்று சொல்வது.
பதினேழுக்குள் என்றால் மூட்டை ஏறும்.
பதினெட்டு என்றால்
தார்ரோட்டில் கொட்டிக் கிளறியபடி
ஒரு ஆள் சாயங்காலம்வரை என்னை வைவான்.

நாலு வருஷம் முந்தி, ஒரு தை மாதம்,
மாத்திரையை நானாகவே நிறுத்தினேன்.
நன்றாக இருந்தேன், அதனால்தான்.
ஆறு நாள் தூங்கவில்லை.
ஏழாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குப்
பூட்டைத் திறந்து, விளக்கெல்லாம் போட்டு,
சுமைதூக்கும் வேதரத்தினத்தை எழுப்பி,
களத்தில் கிடந்த அத்தனை குவியலுக்கும்
பதினாறு, பதினாறு, பதினாறு என்று எழுதினேன்.
பனியில் ஊறிய நெல்.
கை வைத்தவனுக்குக் குளிர்ந்திருக்கும்.
எனக்குச் சுட்டது.
படுதாவுக்கு அடியில் காவல் படுத்திருந்தவர்கள்
எழுந்து வந்து கும்பிட்டார்கள்.
ஒருவர் அழுதார்.

மூட்டைக்குள்ளேயே முளைத்துவிட்டது.
தஞ்சாவூரில் டைப் அடித்த சஸ்பெண்ட் உத்தரவு
வீட்டுக்குப் போனது.
நான் தஞ்சாவூரில்தான் இருந்தேன்,
வார்டில்.

பிறகு ஒவ்வொன்றாக.
முதல் மாத்திரையில் எச்சில் ஒழுகித் தலையணை நனைந்தது.
இரண்டாவதில் பதினொரு கிலோ ஏறினேன்,
சட்டைகள் மச்சானுக்குப் போயின.
மூன்றாவதில் ஒன்றுமே நடக்கவில்லை, நல்லதுகூட.
பழைய லித்தியத்துக்கே திரும்பினோம்.
அதுவும் ஒரு உப்புதான் என்றார் டாக்டர் மெஹருன்னிசா.
வெயிலில் நிற்கிறவர், தண்ணீர் குடியுங்கள்.
சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள்.
முட்டிவலி என்று கடையில் கேட்டு
எதையும் வாங்கிப் போடாதீர்கள்.
கோகிலவாணி இதையெல்லாம்
கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிவைத்தாள்.
அன்றிலிருந்து அவள் குழம்பில்
ஒரு கல் உப்பு கூடத்தான் இருக்கிறது.
நான் சொல்வதில்லை.

மூன்று மணிக்குக் காகிதம் வந்தது.
ஒன்று புள்ளி ஒன்று.
கையை நீட்டச் சொன்னார்.
விரல் நுனியில் ஒரு அதிர்வு,
டீசல் மோட்டார் ஓடும் கொட்டகைச் சுவர் மாதிரி.
ராத்திரி அளவில் அரை மாத்திரை குறைத்தார்.
ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம்,
கிட்னிக்கும் தைராய்டுக்கும் சேர்த்து.
பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
எதையாவது இழந்த மாதிரி இருக்கிறதா?

அந்த ராத்திரி, என்றேன்.
எல்லார் நெல்லும் காய்ந்திருந்தது, டாக்டர்.

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.
தப்பு என்றும் சொல்லவில்லை.
வெளியே டோக்கன் இருபத்தேழைக் கூப்பிட்டார்கள்,
இரண்டு தடவை.
அதுவரை மின்விசிறிக்குக் கீழே
சும்மா இருந்தோம்.

மறுநாள் கோட்டூர்க்காரர் ஒருவர்.
மூன்று மா நிலம், குத்தகை.
பதினாறு புள்ளி எட்டு.
நிஜமாகவே பதினாறு புள்ளி எட்டு,
இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன்.
கையெழுத்துப் போட்டேன்.
அவர் ரசீதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
"எழுத்து ஆடுதே சார்.
பேங்க்குல பணம் வருமா?"
"வரும்."

அரைநம்பிக்கையோடு நாலாக மடித்துச்
சட்டைப் பையில் வைத்துப்
பொத்தானைப் போட்டுக்கொண்டார்.
நான் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக்
குடித்து முடித்தேன்.
அடுத்த குவியல்.